கைக்குழந்தைக்குத் தொற்று வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறந்து இருபது நாள் ஆன குழந்தைக்கு நிமோனியா வந்தால் இருமல் இல்லாமலே போகலாம். மூளைக்காய்ச்சல் வந்தாலும் கழுத்து விறைப்பது அபூர்வம். ரத்தத்தில் கிருமி பரவினால் காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு. காய்ச்சல், வீக்கம், இருமல் என்று நாம் அறிகுறியாகப் பார்ப்பவற்றில் பாதி, கிருமியை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டை. அந்தச் சண்டை போடும் பலம் பச்சிளங்குழந்தைக்கு இன்னும் வரவில்லை. அதனால் முதல் இரண்டு மாதத்தில் "இது என்ன நோய்?" என்று கேட்டு வீட்டில் பயனில்லை. நேற்றுவரை செய்த எதைக் குழந்தை இன்று செய்யவில்லை என்று பாருங்கள். வயது ஏற ஏறத்தான் நோய்கள் தனித்தனி முகம் காட்டும்.

முதல் இரண்டு மாதம்: பால், மூச்சு, சூடு, அசைவு

பெரும்பாலும் முதலில் குறைவது பால். தாய்ப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிக்கும்; பிறந்து ஐந்தாறு நாள் ஆனபின் குறைந்தது 6 தடவை சிறுநீர் போகும். ஒரு வேளை பால் தவறினால் பயப்பட வேண்டாம். அடுத்த வேளையும் எழுப்பி எழுப்பிக் குடிக்கவில்லை, அல்லது காம்பைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கண் செருகுகிறது என்றால் அதை "பாப்பா நல்லாத் தூங்குது" என்று விட்டுவிடக் கூடாது. சுற்றிய துணியை விலக்குங்கள், முதுகைத் தடவுங்கள், உள்ளங்காலை விரலால் சுண்டுங்கள். நலமான குழந்தை முகம் சுளித்து, கை காலை உதறி, வாயைத் திறந்து தேடும். சுண்டும்போது மட்டும் அசைந்துவிட்டு மறுபடி துவண்டுபோனால் அது ஆபத்து அறிகுறி.

மூச்சை எண்ணுவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ண வேண்டும். செல்போனில் டைமர் வைத்து முழு 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது இந்த வயதுக்கு உதவாது. பச்சிளங்குழந்தை விட்டுவிட்டு மூச்சுவிடும், நடுவில் ஐந்து, பத்து நொடி நிறுத்துவதும் இயல்புதான். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை எண்ணுங்கள். இரண்டாவது தடவையும் 60-க்குக் குறையாவிட்டால் அது வேக மூச்சு. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்ளே குழிந்தால், மூக்குத் துளைகள் விரிந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் "உம்… உம்…" என்று முனகினால், மூச்சு 20 நொடிக்கு நின்றால், எண்ணிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. நீலம் பார்க்க வேண்டிய இடம் நாக்கும் உதட்டின் உட்புறமும். பிறந்த முதல் நாளில் உள்ளங்கையும் பாதமும் மட்டும் நீலமாக இருப்பது பெரும்பாலும் இயல்பு.

அடுத்தது சூடு. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் கட்டாயம் வேண்டும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியைக் கைக்குழந்தையிடம் நம்ப முடியாது. அக்குளை ஈரமில்லாமல் துடைத்து, முனையை அக்குளின் நடுவில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, பீப் ஒலி வரும்வரை எடுக்காதீர்கள். 97.7 முதல் 99.4 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 99.5-ஐத் தொட்டாலோ, 95.9-க்குக் கீழே போனாலோ இரண்டுமே ஆபத்துதான். பெரியவர்களுக்கு 99.5 ஒன்றுமே இல்லை என்பதால் "இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று யாராவது கேட்பார்கள். இரண்டு மாதத்துக்குள் இந்த எண்ணுக்கு மதிப்பு வேறு. கோடையில் மூன்று துணியில் சுற்றி வைத்திருந்தால் மட்டும், துணியை விலக்கி அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பாலும் குறைந்திருந்தால் அந்த அரை மணியும் வேண்டாம். தெர்மாமீட்டர் கையில் இல்லையா? புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு கதகதப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கியிருக்கிறது: குழந்தையைத் தாயின் வெற்றுமார்போடு அணைத்து மேலே போர்த்துங்கள். இரண்டுமே சில்லிட்டிருந்தால் அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வலிப்பு இந்த வயதில் பெரியவர்களுக்கு வருவதுபோல் வெட்டி இழுக்காது. கண் ஒரே பக்கம் நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், கால் சைக்கிள் மிதிப்பதுபோல் சுற்றும். சாதாரண நடுக்கத்தையும் வலிப்பையும் பிரிக்க எளிய வழி உண்டு. நடுங்கும் கையையோ காலையோ மெல்ல மடக்கிப் பிடியுங்கள். நடுக்கமானால் நின்றுவிடும், வலிப்பானால் உங்கள் பிடிக்குள்ளும் துடிக்கும். நடுக்கம் நின்றாலும் சர்க்கரை குறைவாக இருக்கலாம் என்பதால், அடிக்கடி வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அன்றைக்கே, அந்த மணியே மருத்துவமனை. சில குழந்தைகளைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்: பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பிறந்தவை, பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தவை, குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை. முதல் மூன்று நாளுக்குள் வரும் தொற்று பெரும்பாலும் தாயிடமிருந்து வந்தது. அதற்குப் பின் வருவது பெரும்பாலும் தூக்குபவர்களின் கை வழியாக வந்தது.

உடம்பைப் பார்க்கும் முறை

குளிப்பாட்டும் நேரமே இதற்கு வசதி. ட்யூப்லைட்டில் மஞ்சளும் சிவப்பும் ஏமாற்றும் என்பதால் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அழாத நேரத்தில் உச்சிக்குழியைத் தடவுங்கள். அது துடிப்பது இயல்பு. மேடாகப் புடைத்திருந்தால் மூளைக்காய்ச்சல் சந்தேகம், குழிந்திருந்தால் நீர் வற்றியிருக்கிறது.

கண்ணில் கொஞ்சம் பீளை, கண்வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது என்றால் கண்ணீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம்; அவசரம் இல்லை. இமை வீங்கி, துடைக்கத் துடைக்கச் சீழ் வந்தால், அதுவும் பிறந்த முதல் வாரத்தில், கருவிழியையே கெடுத்துவிடக்கூடிய தொற்றாக இருக்கலாம். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வாயில் வெள்ளையாகப் படிந்திருப்பதை ஈரத் துணியால் துடைத்தால் போய்விட்டால் அது பால். போகாமல், தேய்த்த இடம் சிவந்தால் பூஞ்சை. குழந்தைக்கு மருந்து போடும்போது தாயின் மார்புக் காம்புக்கும் போட வேண்டும், இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும்.

தொப்புள்கொடி பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நாளுக்குள் காய்ந்து விழும். அடியில் லேசான பிசுபிசுப்பு இருக்கலாம். சுற்றியுள்ள தோல் சிவந்து அந்தச் சிவப்பு வயிற்றில் பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், கிருமி நேராக ரத்தத்துக்குப் போகும் வழி திறந்துவிட்டது என்று பொருள். சாம்பல், மஞ்சள், வசம்பு, விளக்கெண்ணெய், காசு எதுவும் அங்கே வேண்டாம்; உலர்வாக விட்டு, டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டினாலே போதும். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரணஜன்னிக் கிருமிக்குப் பிடித்த வாசலும் இதுதான். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை மூன்றாம் நாளுக்குப் பின் வாயைத் திறக்க முடியாமல், தொட்டாலே விறைத்தால் அந்த நோய். கர்ப்பத்தில் தாய்க்குப் போடும் ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் இதை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015-இல் உறுதிசெய்தது. ஊசி தவறிய தாயின் குழந்தைக்கு ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் நாளில் கொசுக்கடிபோல் சிவந்து நடுவில் வெளிறிய பொட்டு வைத்துத் தோன்றும் தடிப்புகள் தானே மறையும். சீழ்க் கொப்புளம் பத்தோ அதற்கு மேலோ இருந்தாலோ, ஒரே ஒரு பெரிய கட்டி இருந்தாலோ, நீர்க்கொப்புளம் கொத்தாக வந்தாலோ விடக் கூடாது. மஞ்சள் காமாலை முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால்வரை இறங்கினாலும் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் குடல் அடைப்பு இருக்கலாம். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே போங்கள்.

பச்சிளங்குழந்தையின் மார்பு, ஆணோ பெண்ணோ, சில நாள் வீங்கி ஒரு சொட்டுப் பால்கூட வரலாம். தாயின் ஹார்மோன் செய்யும் வேலை அது, தானே வடியும். "பிதுக்கி எடுத்துடணும்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். பிதுக்கிய இடத்தில்தான் கிருமி புகுந்து சீழ்க்கட்டி ஆகிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதித் தொக்கம் எடுப்பது, உரம் விழுந்ததென்று துணியில் போட்டு உருட்டுவது எல்லாமே இதே ரகம். இவற்றால் வரும் கேட்டைவிட, இவற்றில் கழியும் அரை நாள்தான் பெரிய இழப்பு. இந்த வயதில் ரத்தத்தில் பரவும் தொற்று காலையில் பால் குறைவாகத் தொடங்கி இரவுக்குள் மூச்சு நிற்கும் அளவுக்குப் போகக்கூடியது.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லையென்றால் 108. குழந்தையைத் தாயின் மார்போடு ஒட்டவைத்து, தலைக்குக் குல்லா போட்டு, குடிக்க முடிந்தால் வழியிலேயே பால் கொடுங்கள்; சூடும் சர்க்கரையும் இறங்காமல் இருக்கும். பாரசிட்டமால் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனித் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு.

இரண்டு மாதத்துக்குப் பின்

இனி காய்ச்சலின் எண்ணைவிடக் குழந்தையின் நிலைதான் முக்கியம். 103 டிகிரியிலும் மருந்து கொடுத்ததும் எழுந்து விளையாடும் பிள்ளையைவிட, 100-இல் சுருண்டு கிடக்கும் பிள்ளைக்குத்தான் கவலைப்பட வேண்டும். எதையும் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, வலிப்பு வந்தது, எழுப்பினால் முழிக்கவில்லை: ஐந்து வயதுவரை எந்த நோயாக இருந்தாலும் இந்த நான்கும் நேராக மருத்துவமனைக்கு. வேக மூச்சின் அளவும் மாறுகிறது. 2 மாதம் முதல் ஒரு வயதுவரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. அதைத் தொட்டால் சளியும் இருமலும் நிமோனியாவாக மாறியிருக்கலாம்.

காய்ச்சல் மருந்தில் அடிக்கடி நடக்கும் தவறைச் சொல்லியாக வேண்டும். பாரசிட்டமால் அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒரு தடவை, நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப், 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப், ஒரே மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்று மூன்று வகை ஒரே பெயரில் கிடைக்கின்றன. 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. என்றால் முதல் வகையில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சிரப் கொடுத்துப் பழகிய கையால் சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும், கல்லீரல் தாங்காது. லேபிளைப் படித்துவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வீட்டில் கொடுக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் இரண்டும் கூடாது.

தடிப்பு எங்கே தொடங்கியது?

இணையத்தில் வரும் தடிப்புப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் பிள்ளைகளின் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. கறுத்த, சொரசொரப்பான தடிப்பாகத்தான் இருக்கும். நிறத்தைவிட, எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது நம்பகமான தடயம்.

தட்டம்மையில் தடிப்புக்கு முன்பே மூன்று, நாலு நாள் காய்ச்சல், மூக்கொழுகல், இருமல், சிவந்த கண் இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்தால் பிள்ளை கண்ணை மூடும். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் உப்புத் தூவியதுபோல் சிறு வெண்புள்ளிகள் ஒரு நாள், இரண்டு நாள் தெரிந்து மறையும். பிறகு காதுக்குப் பின்னாலும் முடி ஓரத்திலும் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, கால் என்று மூன்று நாளில் கீழே இறங்கும். சின்னம்மை அதற்கு நேர்மாறு: மார்பிலும் முதுகிலும் தொடங்கும், அரிக்கும், பரு, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், வாய்ப்புண் என்று வந்தால் கை கால் வாய் நோய். 2022-இல் கேரளத்தின் கொல்லத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பானது பெரும்பாலும் இதுதான். சில வாரம் கழித்து நகம் உரிந்து விழுந்தால் பயப்படாதீர்கள், புது நகம் வரும். ஆனால் தூக்கத்தில் தூக்கிவாரிப் போடுவது, நடை தள்ளாடுவது, விடாத வாந்தி இருந்தால் வைரஸ் மூளையைத் தொட்டிருக்கலாம்.

அம்மை என்றதும் வேப்பிலை வைப்பதில் கேடில்லை. மருத்துவரிடமே காட்டாமல் இருப்பதுதான் கேடு. தட்டம்மையில் பிள்ளையைக் கொல்வது தடிப்பல்ல, பின்னாலேயே வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும். அடுத்தடுத்த இரண்டு நாளில் கொடுக்கும் வைட்டமின் ஏ (6 மாதத்துக்குள் 50 ஆயிரம் அலகு, 6 முதல் 11 மாதம்வரை ஒரு லட்சம், அதற்கு மேல் இரண்டு லட்சம்) பார்வையையும் உயிரையும் காக்கும். அதை மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும்.

காய்ச்சலோடு கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடி டம்ளரை மேலே அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாவிட்டால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. மூளைக்காய்ச்சலாகவோ டெங்குவாகவோ இருக்கலாம். கறுத்த தோலில் உள்ளங்கை, பாதம், மேலண்ணம் பார்ப்பது சுலபம்.

டெங்குவில் மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கை கால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் உடனே சேர்க்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் நீளும் காய்ச்சலில் உடம்பு முழுக்கத் தேடுங்கள்: அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், இடுப்புக் கயிறு படும் இடம். சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் உண்ணிக் காய்ச்சல். வீட்டில் கண்டுபிடிக்கும் அந்த ஒரு பொருக்கு ஆஸ்பத்திரியில் பல பரிசோதனைகளை மிச்சமாக்கும்.

இருமல், தொண்டை, வயிறு

கக்குவான் இருமலில் பெரிய பிள்ளை இழுத்து இழுத்து இருமி, கடைசியில் 'ஊப்' என்று மூச்சிழுத்து வாந்தி எடுக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த ஒலி வராது. இருமி முகம் கறுத்து மூச்சை நிறுத்தும். 6, 10, 14 வாரத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். தொண்டையில் சாம்பல் நிற ஆடை படர்ந்து கழுத்து வீங்கினால் தொண்டை அடைப்பான். சுரண்டிப் பார்க்காதீர்கள், ரத்தம் கசியும். பொன்னுக்குவீங்கியில் வீக்கம் காதுமடலை மேலே தள்ளி, தாடை எலும்பின் மூலையை மறைக்கும். அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான் ஊசி, இதற்கு இல்லை. அதனால் ஊசியெல்லாம் போட்ட பிள்ளைக்கும் வரும். எடை ஏறாத பிள்ளைக்கெல்லாம் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' (குழந்தைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய்) என்று பெயர் வைப்பதும் தவறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், எடை இறக்கம், வீட்டில் காசநோயாளி என்று இருந்தால் முறையாகப் பரிசோதிக்க வேண்டும். பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடத்தில் சில வாரம் கழித்துப் புண் வந்து தழும்பாவது தொற்று அல்ல, அதன்மேல் எதையும் தடவ வேண்டாம்.

வயிற்றுப்போக்கில் வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மெதுவாக இறங்கினால் நீர் வற்றியிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறவைத்த நீரில்தான் கரைக்க வேண்டும். கொஞ்சத்தை டம்ளரில் கரைப்பதால் உப்பு மிஞ்சிப்போகும். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களின் சர்க்கரை போக்கை அதிகமாக்கும். மலத்தில் ரத்தம் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

வீட்டில் பச்சிளங்குழந்தை இருக்கும்போது

தட்டம்மைப் பிள்ளை தடிப்பு வந்து நாலு நாளும், பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளை வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாளும், சின்னம்மைப் பிள்ளை எல்லாக் கொப்புளமும் பொருக்காகும்வரையிலும் பள்ளிக்கும் போகக் கூடாது, கைக்குழந்தை இருக்கும் அறைக்கும் வரக் கூடாது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குச் சின்னம்மை வந்தால் மருத்துவரிடம் சொல்லியே தீர வேண்டும். பிறந்த குழந்தைக்கு அது மிகக் கடுமையாக வரும், எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்படும். தாய்க்கு வெறும் சளி என்றால் மாஸ்க் போட்டுக் கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை பார்க்க வரும் உறவுக்காரர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு தூக்கட்டும். உதட்டோரம் நீர்க்கொப்புளம் இருப்பவர் யாராக இருந்தாலும், பாட்டியே ஆனாலும், அது காய்ந்து உதிரும்வரை முத்தம் கொடுக்க வேண்டாம். அந்த ஹெர்பஸ் வைரஸ் பச்சிளங்குழந்தையின் மூளைவரை போகக்கூடியது.